ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்று ரவுட்டர் செத்துவிட்டது. மீட்க வழி உண்டா?

கேள்வி இதுதான்: ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது பவர் விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, வைஃபை பெயர் எந்தக் கருவியிலும் தெரியவில்லை, செட்டிங்ஸ் பக்கமும் திறக்கவில்லை. புதிது வாங்க வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். விளக்கு சிமிட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் இருக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றைப் பெட்டியைத் திறக்காமலே மீட்டுவிடலாம்.

மென்பொருளைச் சேமித்து வைக்கும் ரவுட்டரின் ஃபிளாஷ் சிப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆரம்பத்தில் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் இருக்கும், பவர் வந்ததும் முதலில் எழுந்து ஃபர்ம்வேரை ஓட்டிவிடுவது அதுதான். யூ-பூட், சிஎஃப்இ போன்றவை இந்த வகை. அதை அடுத்து ஃபர்ம்வேர், அதன் பிறகு உங்கள் செட்டிங்ஸ். இன்னொரு சிறு பகுதியில் அந்த ஒரு ரவுட்டருக்கு மட்டுமே உரிய மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) வைஃபை ரேடியோவுக்கான அளவீட்டுத் தரவும் இருக்கும். சாதாரண அப்டேட் ஃபர்ம்வேர் பகுதியைத்தான் அழித்து எழுதுகிறது. பூட்லோடரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கரண்ட் போனபோது அரைகுறையானது ஃபர்ம்வேர்தான். பூட்லோடர் ஒவ்வொரு முறையும் எழுந்து, ஃபர்ம்வேரைப் பார்த்து, அது சரியில்லை என்று நின்றுவிடுகிறது அல்லது திரும்பத் திரும்ப பூட் செய்கிறது. உங்கள் வேலை அந்த பூட்லோடரிடம் பேசுவது.

முதலில் கையை வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். சில மாடல்களில் ஃபர்ம்வேரின் இரண்டு பிரதிகள் இருக்கும். பூட் ஆவது சில முறை தோற்றால் பழைய பிரதிக்குத் தானாகவே மாறிவிடும். லிங்க்சிஸ் மாடல்கள் சிலவற்றில் பூட் முடிவதற்குள் தொடர்ந்து மூன்று முறை அணைத்துப் போட்டால் இந்த மாற்றம் நடக்கும். உங்களுடையது அந்த வகையா என்று தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறவில்லையா, சரி. மொபைல் டேட்டாவில் சரியான ஃபர்ம்வேர் கோப்பை இறக்கி வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனும் இருக்கும். ஒரே பெயரில் வந்த வி1, வி2 இரண்டுக்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம், அதனால் இந்த எண்ணில் கவனம் தேவை. ஜிப் கோப்பாக வந்தால் பிரித்து உள்ளே .bin என்று முடியும் கோப்பை எடுங்கள். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் ஹாஷ் மதிப்பு கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து கம்ப்யூட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். இணைய இணைப்பு வரும் வேன் (WAN) போர்ட் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரியை நீங்களே கொடுக்க வேண்டும். பலரும் முயற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி ஃபர்ம்வேரோடு சேர்ந்தது. பூட்லோடரிடம் பொதுவாக அது இருக்காது. ஆகவே ஐபி கிடைக்கவில்லை என்பதை வைத்து ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ரவுட்டர் 192.168.1.1 என்றால் கம்ப்யூட்டருக்கு 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வையுங்கள்.

இப்போது 192.168.1.1-க்கு விடாமல் பிங் ஓடட்டும், அதாவது அந்த முகவரியில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்கும் கட்டளை. அது ஓடும்போதே ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். நடுவில் சில பதில்கள் வந்து நின்றுவிட்டால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. பதிலில் வரும் டிடிஎல் (TTL) எண்ணையும் பாருங்கள், பதில் சொல்வது யார் என்று அது காட்டிக்கொடுக்கும். 64 என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேரின் லினக்ஸ் பதில் சொல்கிறது, 100 என்றால் சிஎஃப்இ பூட்லோடர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூட்லோடர் காத்திருப்பது சில நொடிகள்தான். ரவுட்டர் எழும்போது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டும் இணைப்பை மறுபடி ஏற்படுத்த நேரம் எடுக்கும், அதற்குள் வாய்ப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஈதர்நெட் சுவிட்சை வைத்தால் கம்ப்யூட்டர் பக்கம் இணைப்பு அறுபடாது. எதுவும் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மீட்பு முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுப்பது மட்டும் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொது. டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் அதன் பிறகு 192.168.0.1-இல் ஒரு எளிய அவசரப் பக்கம் திறக்கும். கோப்பை அதில் ஏற்றினால் போதும். ஏசஸில் பவர் விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கும். அந்த நிறுவனமே தரும் மீட்பு மென்பொருளால் கோப்பை அனுப்பலாம். மற்ற பலவற்றில் டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை.

டிஎஃப்டிபியில் எந்தப் பக்கம் சர்வர் என்பதுதான் குழப்பம். நெட்கியர் மாடல்கள் பலவற்றில் ரவுட்டரே சர்வர், கோப்பை நீங்கள் அதற்குள் தள்ள வேண்டும். டிபி-லிங்க்கின் பல மாடல்களில் நேர் எதிர்: கம்ப்யூட்டர்தான் சர்வர், 192.168.0.66 என்ற முகவரியில் அது இருக்கும் என்று நம்பி ரவுட்டர் தானே வந்து கோப்பைக் கேட்கும். கோப்பின் பெயரும் அது எதிர்பார்க்கும் பெயராகவே இருக்க வேண்டும். முகவரியோ பெயரோ தெரியவில்லை என்றால் கேபிளில் போகும் வரும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, ரீசெட்டை அழுத்தியபடி பவர் கொடுங்கள். இந்த முகவரி யாருடையது என்று ரவுட்டர் கேட்கும் ஏஆர்பி கோரிக்கை திரையில் தெரியும். அந்த முகவரியைக் கம்ப்யூட்டருக்கு வைத்துவிட்டு மறுபடி செய்தால், இந்தப் பெயரில் கோப்பு வேண்டும் என்ற கோரிக்கையும் வரும். கோப்புக்கு அதே பெயரைச் சூட்டுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று ரவுட்டரே சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. அப்புறம், கம்ப்யூட்டரின் ஃபயர்வால் டிஎஃப்டிபிக்கான யுடிபி போர்ட் 69-ஐத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வந்தும் கோப்பு போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கோப்பு சில நொடிகளில் போய்விடும். ஆனால் அதை ஃபிளாஷில் எழுத நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் பவரை எடுத்துவிடாதீர்கள். முடிந்தால் யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

பிங்குக்கும் பதில் இல்லை, வயர்ஷார்க்கிலும் சத்தமே இல்லை என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். போர்டில் சீரியல் இணைப்புக்கான புள்ளிகளைக் கண்டுபிடித்து யுஎஸ்பி சீரியல் அடாப்டரால் பேசலாம். வேகம் பெரும்பாலும் 115200. அடாப்டர் 3.3 வோல்ட்டாக இருக்கட்டும், 5 வோல்ட் சிப்பைக் கெடுத்துவிடலாம். கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) மூன்று கம்பிகள் போதும், பவர் கம்பியான விசிசியை இணைக்காதீர்கள். அதிலும் ஒன்றும் வராவிட்டால் மிச்சமிருப்பது புரோகிராமர் என்ற கருவியை வைத்து ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக எழுதுவது. அப்போது இன்னொருவருடைய முழு ஃபிளாஷ் நகலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். மேலே சொன்ன மேக் முகவரியும் ரேடியோ அளவீடும் அழிந்து, வைஃபை சரியாக வேலை செய்யாமல் போகும்.

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் கருவி என்றால் இவை எதையும் செய்ய வேண்டாம், அவர்களிடமே சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் சொந்த ரவுட்டர் என்றால், மீண்டதும் ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு செட்டிங்ஸைக் கையால் போடுங்கள். வேறு வெர்ஷனில் எடுத்த பேக்கப்பை ஏற்றினால் புதுச் சிக்கல் வரலாம். செட்டிங்ஸைக் கையால் போட, இணைய இணைப்புக்கான உங்கள் பிபிபிஓஇ (PPPoE) பயனர் பெயரும் கடவுச்சொல்லும், அந்த இணைப்புக்கு விலான் (VLAN) எண் இருந்தால் அதுவும் வேண்டும். இணைய நிறுவனத்துக்கு போன் செய்து இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.