முலு குகைப் பயணம்: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள குனோங் முலு தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். கடைசிப் பையனுக்கு ஏழு வயது. குகை, குளியல், சாகசம், பினக்கல்ஸ் எல்லாம் அடங்கிய மூன்று நாள் பேக்கேஜ் என்று ஏஜெண்ட் பாதிப் பணம் கேட்கிறார். கட்டலாமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். பினக்கல்ஸ் என்னும் கூர்மையான சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்கும் மலையேற்றத்துக்கு மட்டுமே மூன்று நாள், இரண்டு இரவு வேண்டும். கடைசி ஏற்றம் 2.4 கிலோமீட்டர்தான் என்றாலும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். மேலே ஏணிகளைப் பிடித்து ஏற வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது. அதையும் குகைகளையும் மூன்று நாளில் முடிப்பதாகச் சொல்பவர் முலுவை அறியாதவர், அல்லது உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமானவை டீர், லாங், விண்ட், கிளியர்வாட்டர் ஆகிய நான்கு குகைகள். நடைபாதையும் விளக்கும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊர்ந்தும் கயிறு பிடித்தும் போகும் சாகசக் குகைகளுக்குத் தனிக் கட்டணம், வயது வரம்பு உண்டு. 480 மீட்டர் மரமுகட்டு நடைபாலத்துக்கும் தனிக் கட்டணம். ஆகவே எந்தக் குகை, எந்தத் தேதி, படகுக் கட்டணமும் பூங்கா நுழைவும் சேர்ந்ததா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

முதலில் பூங்காவில் இடம் உறுதியாகட்டும், பிறகு விமான டிக்கெட். முலுவுக்குச் சாலை கிடையாது. பெரும்பாலோர் சரவாக்கின் மிரி நகரிலிருந்து சிறிய விமானத்தில்தான் போகிறார்கள். வானிலையால் அது ரத்தாகலாம். அப்போது கூடுதல் இரவுச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கோலாலம்பூர் திரும்பும் விமானத்தை அதே நாளில் போடாதீர்கள்.

சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைச் சரிபார்த்து, பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள். தனிநபர் கணக்கு எண் தந்தால் விலகிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரசீது இல்லாமல் போனால் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: குகைக்குள் நீந்த முடியுமா?

பதில்: குடும்பங்கள் குளிப்பது கிளியர்வாட்டர் குகைக்கு வெளியே உள்ள குளத்தில். தண்ணீர் சில்லென்று இருக்கும். மழையில் ஆறு ஏறினால் இறங்க விடமாட்டார்கள். வழிகாட்டி சொன்னால் மறுபேச்சு வேண்டாம். குகைக்கு ஏறச் சுமார் 200 படி உண்டு, முட்டிவலி உள்ளவர்கள் கவனிக்கவும். தோல் செருப்பு வழுக்கும். மிரிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர் காலணி போதும்.

கேள்வி: வௌவால் கூட்டம் வெளியே வருவதைப் பார்க்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். டீர் குகையிலிருந்து லட்சக்கணக்கில் அவை அந்தியில் கிளம்பும். மழை பெய்தால் பெரும்பாலும் வராது. அதனால் இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்குங்கள். பூங்கா அலுவலகத்திலிருந்து குகைக்கு 3 கிலோமீட்டர் பலகைப்பாதை, திரும்பும்போது இருட்டிவிடும். ஆளுக்கொரு டார்ச்சும் மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும்.