10 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் ஓடுகிறேன். கிருஷ்ணகிரியில் டெம்போ ஓட்டத்தை எந்த வேகத்தில், எங்கே ஓடுவது?

65 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். பந்தயத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வேகத்தைத்தான் டெம்போ வேகம் என்பார்கள். எனவே உங்களுக்கு அந்த ஆறரையே சரி. ஆறு நிமிடத்துக்கு இழுக்க வேண்டாம்; அது வேறு பயிற்சி, வேறு நாளைக்கு உரியது.

மெதுவாக ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருளை உடல் உடனுக்குடன் எரிபொருளாக்கிக்கொள்கிறது. வேகம் கூடினால் ஒரு கட்டத்தில் வரவு செலவை மிஞ்சிவிடும். அதன்பின் மூச்சு இரைக்கும், கால் கனக்கும். அந்த எல்லையை ஒட்டி, அதைத் தாண்டாமல் 20 நிமிடம் ஓடிப் பழகினால் எல்லையே மெல்லத் தள்ளிப்போகும். பொழுதுபோக்குக்காக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கிலோமீட்டரிலேயே அதைத் தாண்டிவிட்டு மீதி நேரம் தத்தளிக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் ‘இது போதாதே’ என்று தோன்றினால் நீங்கள் சரியாக ஓடுகிறீர்கள்.

எங்களோடு ஓடும் மூத்தவர் ஒருவர் கடிகாரமே கட்டுவதில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டே, “தோட்டத்தில் இந்த வருடம் காய்ப்பு எப்படி தம்பி?” என்று கேட்பார். மாங்காய்க் கதையை நான் நீட்டி முழக்கினால், “காலை எட்டிப் போடு” என்பார். “பரவாயில்லை அண்ணா” என்று சொல்லி, ஒரு மூச்சு வாங்கி, “போன வருடம்தான் அதிகம்” என்று முடித்தால் பேசாமல் கூடவே வருவார். வெறுமனே தலையாட்டினால் தோளைத் தட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்வார். இரண்டு மூன்று சொல் வர வேண்டும், முழு வாக்கியம் வரக் கூடாது. இதைவிட நம்பகமான அளவுகோலை நான் பார்த்ததில்லை. தனியாக ஓடினால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் சில வாரங்களுக்கு மாவட்ட விளையாட்டரங்கு போதும். 400 மீட்டர் சுற்றுக்கு 2 நிமிடம் 36 விநாடி, பாதிச் சுற்றுக்கு 78 விநாடி. உள் ஓரத்திலேயே ஓடுங்கள். வெளியே தள்ளிப் போகப் போகச் சுற்று நீளும். ஜிபிஎஸ் கடிகாரத்தில் நொடிக்கு நொடி மாறும் எண்ணைப் பார்க்காதீர்கள், மரத்தடியில் அது தாறுமாறாகக் குதிக்கும். சுற்றின் சராசரியை மட்டும் பாருங்கள்.

சுற்றிச் சுற்றிச் சலித்துவிட்டால் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போகலாம். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957-ல் காமராஜர் திறந்துவைத்த அணை அது. பூங்கா வரை வண்டியில் போய், அங்கிருந்து கிராமச் சாலைகளில் ஓடுங்கள். ஏற்றத்தில் ஆறரையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மூச்சின் அளவு மாறாமல் இருந்தால் ஆறு நிமிடம் ஐம்பது விநாடி ஆனாலும் அது டெம்போதான். இறக்கத்தில் கணக்குச் சற்று நேராகும். இருட்டு விலகாத நேரத்தில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணிந்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுங்கள். நெடுஞ்சாலையையும் அதன் சர்வீஸ் ரோட்டையும் அடியோடு தவிர்க்கச் சொல்வேன். சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று திசை லாரிகளும் கூடும் ஊர் இது. சீரான வேகத்தில் மனத்தை வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் லாரி காதில் விழாது.

ஏப்ரல், மே மாதங்களில் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அப்போது கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி விட்டுக்கொடுங்கள். மார்கழிக் குளிரில் உடலைச் சூடேற்றும் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் நாள் இரவு கேழ்வரகுக் களி தாராளமாகச் சாப்பிடலாம்; காலையில் பாதி வாழைப்பழத்துக்கு மேல் எனக்குத் தேவைப்படுவதில்லை.

ஓட வேண்டிய முறை சுருக்கமாக: 15 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 100 மீட்டர் வீதம் மூன்று நான்கு துள்ளலான ஓட்டங்கள், பிறகு 20 நிமிடம் டெம்போ, கடைசியில் 10 நிமிடம் மெதுவோட்டம். தொடக்கத்தில் அந்த இருபதை மூன்றாகப் பிரித்து, நடுவே ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இளைப்பாறுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் இதைப் புதன்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

20 நிமிடத்தில் இப்போது 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதே மூச்சில் தூரம் கூடத் தொடங்கியதும் இன்னொரு 10 கிலோமீட்டர் ஓடி நேரம் பாருங்கள். புது வேகத்தை அந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். அதுவரை ஆறரையை விட்டு நகர வேண்டாம்.