நோட்டு அடிக்கும் கையும் செலவழிக்கும் கையும்

அன்புள்ள ஐயா,

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வரிக்கு 265, தொகுப்பு நிதிக்கு 266, நிதிக் குழுவுக்கு 280 என்று அரசியலமைப்பின் சரத்து எண்கள் எல்லாம் மனப்பாடம். அப்பா சின்னாளபட்டியில் தறி நெய்கிறார். போன வாரம் செய்தியில் அரசின் கடனைப் பற்றிச் சொன்னபோது, "நோட்டு அடிக்கிற மிஷினு கவர்மெண்டுகிட்டதானம்மா இருக்கு? அப்புறம் எதுக்குக் கடன் வாங்குது, நம்மகிட்ட வரி புடுங்குது?" என்று கேட்டார். இத்தனை படித்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

அப்பாவின் கேள்விக்கான விடை நீங்கள் மனப்பாடம் செய்த 265இலேயே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

ரூபாய்த் தாள்கள் நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி ஆகிய ஊர்களில் அச்சாகின்றன. முதல் இரண்டு அச்சகங்கள் ஒன்றிய அரசின் நிறுவனத்துடையவை; மற்ற இரண்டும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்துடையவை. ஆக, மிஷின் அரசிடமும் இருக்கிறது என்று அப்பா சொன்னது சரிதான். ஆனால் இன்று 'அச்சடிப்பது' என்பதே பெரும்பாலும் பேச்சு வழக்கு. ரிசர்வ் வங்கி அரசின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைத்தால் போதும், புதுப் பணம் பிறந்துவிடும்.

அப்படிப் பிறந்த பணத்தோடு அரசு சந்தைக்குப் போகிறது என்று வையுங்கள். சிமெண்டும் நூலும் அரிசியும் நேற்று இருந்த அளவே இருக்கின்றன. வாங்க வரும் பணம் மட்டும் கூடிவிட்டது. விலை ஏறும். முதலில் செலவழிப்பவர் பழைய விலையில் வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி சின்னாளபட்டிக்கு வரும்போது விலை ஏறி முடிந்திருக்கும். அப்பாவுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி. அது விலையோடு சேர்ந்து ஏறாது. நிலமும் நகையும் வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். கூலியை நம்பியும், பீரோவில் நாலு தாளை மடித்து வைத்தும் வாழ்பவர்தான் இழப்பார். இழந்தது எங்கே போனது? முதலில் செலவழித்த அரசுக்கு.

இதுவும் வரிதான். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது 265. பணத்தைப் பெருக்கி எடுக்கும் இந்த வரிக்கு நாடாளுமன்றமோ சட்டமன்றமோ வாக்களிப்பதில்லை, யாரும் ரசீது தருவதில்லை. ஆகவேதான் செலவழிக்கும் கையில் பணத்தை உண்டாக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

நம் நாட்டிலேயே இது நடந்தது. 1955இல் அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், 'அட்ஹாக்' கருவூல உண்டியல்கள் எனும் அரசின் குறுகிய காலக் கடன் சீட்டுகளை வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி தானாகவே பணம் கொடுக்கும். தற்காலிகமாக வந்த ஏற்பாடு நாற்பது ஆண்டுகள் நீடித்தது. மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்த 1994இல்தான் அதைப் படிப்படியாக நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். 1997 ஏப்ரலோடு முடிந்தது. அரசு வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் தடுத்தது. அந்தத் தடை 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கைகளுக்கும் இடையே எழுப்பிய இந்தச் சுவர் முழுமையானதல்ல. விதிவிலக்குகள் உண்டு, மற்றவர்கள் வாங்கிய பத்திரங்களை ரிசர்வ் வங்கி சந்தையில் வாங்கலாம். ஆனாலும் சுவர் இருக்கிறது.

இலங்கையில் அது இல்லாதபோது என்ன ஆனது என்று நாம் பார்த்தோம். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருவாய் சரிந்தது, மத்திய வங்கிப் பணம் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. கொரோனா, டாலர் தட்டுப்பாடு, ரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்துகொண்டன. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் கொடுத்ததும் வரிதான். மறு ஆண்டு வந்த மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு இப்படிப் பணம் கொடுப்பதைத் தடைசெய்தது.

அதனால் கடன் நல்லது என்று ஆகிவிடாது. ஒன்றிய அரசு 2023-24இல் வட்டிக்கு மட்டும் 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது. ஆனால் கடனை யாரிடமாவது கேட்டுத்தான் வாங்கவேண்டும், விலை சொல்லித்தான் வாங்கவேண்டும். வங்கிகளும் எல்.ஐ.சி.யும் வருங்கால வைப்பு நிதியும்தான் பெரும்பாலும் கொடுக்கின்றன. அப்பா பேரில் ஒரு எல்.ஐ.சி. பாலிசி இருந்தால், அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

வரியைப் பற்றிய அவருடைய கோபத்தை நான் மறுக்கமாட்டேன். சோப்புக் கட்டிக்கு அவரும் கோடீஸ்வரரும் ஒரே ஜி.எஸ்.டி. கொடுப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. அரசின் வருவாயும் கடனும் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் வேண்டும். வரியை ஏற்றியது யார், எதற்குச் செலவழித்தார்கள் என்று ஓட்டு கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேட்கலாம். ஏறிய நூல் விலையை யாரிடம் போய்க் கேட்பார்?

வீட்டில் ஒரு ரூபாய்த் தாள் இருந்தால், அதையும் ஒரு நூறு ரூபாய்த் தாளையும் அப்பா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு ரூபாயை வெளியிடுவது அரசு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலரின் கையெழுத்து. நூறு ரூபாயில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தும், இந்தத் தொகையைத் தருவேன் என்ற உறுதிமொழியும் இருக்கும். ஒரு ரூபாயில் அந்த உறுதிமொழி இருக்காது.