டிஜிட்டல் நூலகத்துக்கு 1.80 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் மாணவர்களுக்கு அலைடு (துணைப்பாட) இயற்பியல் நடத்துகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் இணைத்துச் சொல்லித்தர டிஜிட்டல் நூலகம் தேவைப்படுகிறது. ஒரு ஏஜென்ட், 50,000 மின்னூல்கள் கொண்ட தொகுப்பை ஆண்டுக்கு 1.80 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 50,000 தலைப்புகளின் பட்டியலை எக்செல் கோப்பாகக் கேளுங்கள். இழுத்தடித்தால் அப்போதே அனுப்பிவிடுங்கள். தந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது தலைப்புகளைக் கூகுளில் தேடுங்கள். இணையத்தில் சும்மா கிடைப்பவை எத்தனை, ஒரே நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எண்ணியவை எத்தனை என்பது தெரிந்துவிடும்.

இந்த வியாபாரம் நடப்பதற்குக் காரணமே நம் முறைதான். கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்கு வருகிறவர்கள் ‘எத்தனை மின்னூல்கள்?’ என்று கேட்கிறார்கள். போன செமஸ்டரில் எத்தனை மாணவர்கள் ஒன்றையாவது திறந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப லட்சக்கணக்கில் செலவழிப்பது மாணவர் கட்டணத்தை வீணடிப்பதுதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். துகள்கள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும் விரவுதலை (டிஃப்யூஷன்) எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், பிடிஎஃப் ஆகவும் இறக்கிக்கொள்ளலாம். ‘காலேஜ் ஃபிசிக்ஸ்’ 12.7-இல் ஒரு மூலக்கூறு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகரும் என்ற கணக்கு இருக்கிறது. ‘கெமிஸ்ட்ரி’ 9.4-இல் எடை குறைந்த வாயு வேகமாகப் பரவும் என்ற கிரஹாம் விதி, ‘பயாலஜி’ 5.2-இல் செல் சவ்வு வழியே நடக்கும் விரவுதல். மூன்றையும் ஒரே வாரத்தில் வாசிக்கக் கொடுங்கள். அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் ‘டிஃப்யூஷன்’ செயலியைத் திறந்து, இரு பக்கத் துகள்களையும் பிரிக்கும் நடுத்தடுப்பை நீக்கிக் காட்டுங்கள். ஒரு பக்கத் துகள்களின் நிறையை மட்டும் கூட்டினால் அவை மெதுவாகக் கடப்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அதை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையமே தேவையில்லை. இப்படி ஒரு செமஸ்டருக்கு ஏழெட்டுத் தலைப்புகளைத் தொகுத்தால் அதுதான் உங்கள் டிஜிட்டல் நூலகம்.

ஐஐடி காரக்பூர் உருவாக்கிய இந்திய தேசிய டிஜிட்டல் நூலகத்திலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். அது பெரும்பாலும் வழிகாட்டும் பட்டியல்; சில இணைப்புகள் கட்டணத் தளத்தில் போய் நிற்கும்.

இப்படி இலவசமாகக் கிடைக்காத விதிவிலக்கு ஒன்று உண்டு: சந்தா ஆய்விதழ்கள். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். உங்களுடையது சுயநிதிக் கல்லூரி என்பதால் முதல் கட்டத்தில் இடமில்லை. வரி கட்டும் பெற்றோரின் பிள்ளைகள் சுயநிதிக் கல்லூரியில் படித்தால் மட்டும் ஏன் இந்தக் கதவு மூடியிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை. இதைச் சாக்காக வைத்து, ‘அந்த இதழ்களை நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். அவர் தருவது வேறொரு நிறுவனத்தின் லாகினாக இருந்தால் அது ஒப்பந்த மீறல். பதிப்பகம் கண்டுபிடித்தால் அந்த நிறுவனம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டிக்கலாம். இளநிலை மாணவர்களுக்கு அந்த இதழ்கள் அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படும் கட்டுரைக்கு, அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்; பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

அந்தப் பணத்தில் வகுப்பறைக்கு ஒரு புரொஜெக்டரும் நூலகத்துக்கு நாலைந்து கணினிகளும் வாங்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.