ஓலை முடைந்தால் மனசு அடங்குகிறதே!

கேள்வி: இரவில் காரணமில்லாமல் படபடப்பு. அம்மா சொல்லித்தந்த பனை ஓலைக் கொட்டானை (சின்னக் கூடை) முடைய உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. வீட்டுக்காரரோ, “இதை வித்தா என்ன கிடைக்கும்?” என்கிறார். தொடரலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: தாராளமாக முடையுங்கள் தாயி. வெளிறின குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஒடியாமலிருக்க லேசாக ஈரம் காட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று விரல் ஓடும்போது கண்ணும் கையும் அதிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, ஒரு ஓலை தப்பினாலும் பின்னல் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் கவலைப்பட மனசுக்கு ஏது நேரம்? பத்தமடைப் பாய்க்காரர்களைக் கேட்டாலும் கோரைப் புல்லை வைத்து இதையேதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

விற்கிற கணக்கெல்லாம் எதற்கு? உங்கள் வீட்டுக்காரர் டிவி பார்ப்பதில் என்ன லாபமாம்! உடன்குடிக் கருப்பட்டியை அந்தக் கொட்டானிலேயே போட்டு அவர் முன்னால் வையுங்கள்.

ஒன்று மட்டும்: முடைந்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் கொட்டானை நம்பி உட்காராமல் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.