கதை எழுத உட்காருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் வெளியூர் நண்பர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வரவே ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. எப்போது எழுதுவது? (மோல்மீன்)

ராத்திரி வேண்டாம் தம்பி. நாளெல்லாம் வாடிக்கையாளரிடம் பேசிய வாய், அப்புறம் கதைக்குள் வராது. காலையில் கடை திறக்குமுன் 25 நிமிடம் உட்காருங்கள், 5 நிமிடம் ஓய்வு. இது பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ அடுப்படிக் கடிகாரத்தை வைத்துப் பழகிய முறை. ஒரு சுற்று போதும். ஆனால் அடுத்த வரி என்ன என்று தெரிந்திருக்கும்போதே பேனாவை மூடுங்கள். மறுநாள் வெள்ளைத் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது.

ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் நவம்பர் சவாலை நானும் முயலலாமா?

1999இல் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம் அது. கணக்குப் போட்டால் நாளுக்கு 1,667 சொல். தமிழுக்கு இது சரிப்படாது. 'போய்க்கொண்டிருந்தவனிடம்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். நாளுக்கு நோட்டில் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கதையையும் திட்டமிட்டுவிட்டுத்தான் எழுத வேண்டுமா, ஐயா?

முழுசாக வேண்டாம் அம்மா. யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த 1964ஐயே எடுத்துக்கொள்வோம். பர்மாவில் கடைகள் நாட்டுடைமையான வருஷம். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. இதை அப்படியே எழுதினால் வரலாற்றுப் பாடம். 'இந்தியாவுக்குக் கப்பலேற மகன் தயார், தாய் மறுக்கிறாள்' என்றால் கதை. அப்புறம் ஐந்து அட்டைகள், அட்டைக்கு ஒரு காட்சி. என்னுடைய அட்டை ஒன்றில் இவ்வளவுதான் இருந்தது: 'அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு நோட்டுக்கட்டை எடுக்கிறாள். நோட்டெல்லாம் தவிட்டு வாசனை.' அந்த வாசனை கிடைத்த பிறகுதான் அவள் ஏன் போக மறுக்கிறாள் என்பதே எனக்கு விளங்கியது. அட்டைகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பாருங்கள். எதை எடுத்தாலும் கதை குறையவில்லையோ, அதைத் தூக்கிவிடுங்கள்.

என் கதைமாந்தருக்குத் தமிழ்ப் பெயரா, பர்மியப் பெயரா?

அருமையான கேள்வி. நம்மில் பலருக்கு இரண்டும் உண்டே! பள்ளிப் பதிவில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டையும் வையுங்கள். யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் 'கோ' (பர்மியத்தில் அண்ணன்) சேர்த்து அழைத்தவரை ஒருநாள் 'ஊ' (பெரியவர்) என்று அழைத்தால், அவருக்கு வயதாகிவிட்டதை நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

போனில் எழுதுவதா, நோட்டிலா?

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் முதல் வரைவு நோட்டில்தான். கணினியில் ஏற்றும்போது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்த என் பதினொரு கதைகள், கணினி மாறியதும் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. மூன்றை மட்டும்தான் நினைவிலிருந்து மீட்டேன். இன்றைக்கும் அந்த வருத்தம் போகவில்லை. விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகுங்கள்: உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே வந்துவிடும்.

பர்மியப் பள்ளியில் படித்தவள் நான். தமிழில் பிழை வருமே என்று பயமாக இருக்கிறது.

முதல் வரைவில் பிழையைப் பார்க்கவே பார்க்காதே மகளே. தமிழ்ச் சொல் வரவில்லையா, பர்மியச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டுவிட்டு மேலே போ. முடித்ததும் வீட்டில் பாட்டிக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டு. அவர் 'என்ன சொன்னே?' என்று கேட்கிற இடத்தில் ஒரு புள்ளி வை. அந்த இடங்களை மட்டும் திருத்திவிட்டு என்னிடம் கொண்டு வா, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.