ஆறு வயது, மூன்று மொழி: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்த அப்பாவுக்கு

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலு மாதம், மகளுக்கு ஆறு வயது, பள்ளியில் ஆங்கிலமும் மலாயும், வீட்டில் தமிழ். எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் கூட்டி வாசிக்க வரவில்லை. டியூஷனில் போடலாமா, வீட்டில் தமிழை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். எழுத்தை ஒலியாக்குவது பாதி வேலைதான். அந்த ஒலி எந்தச் சொல் என்று பிடிபட வேண்டுமே! அதற்கான பேச்சுவளம் அவளுக்கு உங்களோடு பேசுகிற மொழியில்தான் சேரும்.

ஆங்கிலத்தில் கூட்ட வராததற்கு நம் வீடுகளில் அடிக்கடி காண்கிற காரணம், ஒலியோடு நாம் ஒட்டிவிடுகிற உகரம். ‘பின்’ என்பதை பு, இ, னு என்று சொல்லிக்கொடுத்தால் ‘புயினு’ என்றுதான் வரும். ஸ், ம், ன் மூன்றையும் நீட்டிச் சொல்லுங்கள்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன். ப், ட் இரண்டையும் நீட்ட முடியாது. வாயைத் திறந்த வேகத்தில் வெட்டிவிடுங்கள். ஸிட், பின், டிப், டின் போன்ற மூன்றொலிச் சொற்களே முதல் சில வாரங்களுக்குப் போதும்.

மலாய் இதைவிடச் சுலபம். பு-கு புக்கு (புத்தகம்), மா-தா மாத்தா (கண்) என்று அசை அசையாக ஓடும். இடிப்பது சில இடங்களில்தான். ஆங்கிலத்தில் ‘க’ என்று பழகிய ‘ஸி’ (c) எழுத்து மலாயில் எப்போதும் ‘ச்ச’ ஒலிதான். பல்லிக்கான ‘சிச்சாக்’கை வைத்துக் காட்டுங்கள். ‘ஈ’ (e) எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு, அதைச் சொல் சொல்லாகக் கேட்டுத்தான் பழக வேண்டும். ‘பஸ்’ஸையும் இங்கே நடுவில் ‘ஏ’ (a) போட்டு எழுதுவார்கள். குழந்தை குழம்பினால் அது அவள் தப்பல்ல.

தமிழுக்கு அகரவரிசை 247-ஐயும் முடித்துவிட்டு வாசிக்க வைக்கக் காத்திருக்க வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். பிறகு ஒரு கால் மட்டும் சேருங்கள்: படம்–பாடம், மடம்–மாடம். காதால் வித்தியாசம் கேட்டபின் கண்ணால் காட்டுங்கள். சிக்கல் கொம்பில் வரும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. விரலைக் கொம்பில் தனியாக வைத்தால் குழந்தை திகைக்கும். முழு எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதி, ஒரே மூச்சில் ‘கெ’ என்று சொல்லுங்கள். ‘கொ’வுக்கும் அப்படியே.

தினம் 15 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு மொழி. பழைய அட்டைக்கு 3 நிமிடம், புதுச் சொற்களுக்கு 5, மீதியில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவள் தடுமாறினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கிறாளா என்று சந்தேகம் வந்தால் படத்தைக் கையால் மூடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

டியூஷன் கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பிள்ளைகள் என்றால் உங்கள் மகள் வாய்விட்டு வாசிப்பது 6 நிமிடம். இரண்டு மூன்று பிள்ளைகளோடு, வாரம் இருமுறை, 40 நிமிடம் என்றால் காசுக்குப் பலன் உண்டு. சேர்க்குமுன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதச் சொல்கிறார்களா? கையெழுத்து அழகாகும், வாசிப்பு வராது. மூன்று மாதம் விடாமல் செய்தும் ஓரசைச் சொல்கூடக் கூடவில்லை என்றால், டியூஷனை மாற்றுமுன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

எல்ஆர்டி ரயிலில் போகும்போது பலகைகளை விடாதீர்கள். ‘மாசோக்’ (உள்ளே), ‘கெலுவார்’ (வெளியே), கடைக் கதவில் ‘தோலாக்’ (தள்ளு), ‘தாரிக்’ (இழு). வாசித்துவிட்டுக் கதவை அவளே தள்ளட்டும், இழுக்கட்டும்.